வாடகை வீட்டில் இருக்கிறோம், அரசு உதவி கிடைக்குமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 5,500 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு சென்ட்ரிங் வேலை, நல்லா வேலை இருக்கிற மாசம் 14,000 வரும். எனக்கு ஜவுளிக்கடையில் 9,000. பாலக்கோடு பக்கத்தில் மாமனார் பெயரில் மெத்தை வீடு இருப்பதால் எங்களுக்கு எதுவும் கிடைக்காது என்கிறார்கள். இன்னொருவரோ, 20,000 கொடுத்தால் மாதாமாதம் வாடகைப் பணம் வர ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். எதை நம்புவது?
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: முதலில் அந்த 20,000-ஐக் கொடுத்துவிடாதீர்கள் சகோதரி. வாடகைக்கு இருக்கும் எல்லாருக்கும் மாதாமாதம் கணக்கில் வாடகை போடும் திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (முன்பு குடிசை மாற்று வாரியம்) பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது அங்கே குடியிருந்தவர்களுக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை கொடுக்கிறது, அதைக் கேள்விப்பட்டுத்தான் இப்படி யாராவது கதை கட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். அது உங்களுக்கானது இல்லை.

உங்களுக்கானது 2024-இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0. சொந்த மனையில் வீடு கட்ட உதவி, அடுக்குமாடி வீடு ஒதுக்கீடு, கடன் வட்டியில் மானியம் இவற்றோடு குறைந்த வாடகைக் குடியிருப்பும் அதில் ஒரு பிரிவு. பணம் கைக்கு வராது, அந்தக் குடியிருப்பு உங்கள் ஊரில் இருந்தால் அதில் வாடகைக்குப் போகலாம், அவ்வளவுதான். இருக்கிறதா, வரப்போகிறதா என்பதை நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

சரி, தகுதிக்கு வருவோம். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். இவர்கள் பெயரில் நாட்டில் எங்கேயும் பக்கா வீடு, அதாவது மெத்தை வீடு போல உறுதியாகக் கட்டிய வீடு, இருக்கக் கூடாது, கடந்த 20 ஆண்டில் அரசு வீட்டுத் திட்டம் எதிலும் பயன் பெற்றிருக்கவும் கூடாது. மாமனார் வீடு மாமனார் பெயரில் இருக்கும்வரை அது உங்கள் கணக்கில் வராது. நாளைக்குப் பாகம் பிரித்து அந்த வீடே கணவர் பெயருக்கு வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும், அதை மறைத்து விண்ணப்பிக்க வேண்டாம். ஆனால் ஒன்று, உங்கள் பெயர்கள் இன்னும் மாமனார் ரேஷன் கார்டிலேயே இருந்தால் ஒரே குடும்பம் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. அதை முதல் வேலையாகப் பிரித்து இந்த முகவரிக்குத் தனிக் கார்டு எடுங்கள்.

வருமானத்தில் நிறைய பேர் சும்மாவே பயப்படுகிறார்கள். உங்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் 23,000, ஆண்டுக்கு 2,76,000. 3 லட்சம் வரை பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. அதைத் தாண்டினாலும் 6 லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவு இருக்கிறது, வாடகைக் குடியிருப்புக்கு இரண்டு பிரிவினரும் போகலாம். தினக்கூலிக்கு சம்பளச் சீட்டு ஏது என்று யோசிக்காதீர்கள், இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தால் விஏஓ விசாரித்து, தாசில்தார் அலுவலகத்தில் கொடுப்பார்கள். வேலையில்லாத மாசத்தையும் விஏஓவிடம் சொல்லுங்கள், நடந்ததை அப்படியே சொன்னால் போதும். வீட்டில் எல்லாருடைய ஆதாரும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட நல்ல விஷயம் கணவரின் வேலைதான். கட்டடத் தொழிலாளிகள் இந்தத் திட்டத்தில் சிறப்புக் கவனத்துக்கு உரியவர்கள். அவரிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா? இருந்து புதுப்பிக்காமல் கிடந்தால் உடனே புதுப்பியுங்கள். பிற்பாடு சொந்த மனை அமைந்தால், நலவாரியத்தின் வீட்டு உதவி 4 லட்சம் வரை இருக்கிறது, அதற்கும் அந்த அட்டைதான் அடிப்படை.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடு கேட்பதானால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுங்கள், மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். பணம் கட்டும் நிலை வந்தால் வாரியத்தின் கடிதம் கையில் வந்த பிறகு, வாரியத்தின் பெயருக்கு மட்டும் கட்டுங்கள்.

கேள்வி: தர்மபுரி டவுனில் வீடு பார்த்தோம். பத்து மாத வாடகையை அட்வான்ஸ் கேட்கிறார், அக்ரிமெண்டும் போட மாட்டாராம்.
- வாசகர், தர்மபுரி

பதில்: வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான், இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு எழுதினால் மட்டும் கூடலாம். எழுத்தே இல்லாமல் பத்து மாத வாடகையைத் தூக்கிக் கொடுத்தால் காலி பண்ணும்போது எதைக் காட்டிக் கேட்பீர்கள்? அவர் இறங்கி வராவிட்டால் வேறு வீடு பாருங்கள். முன் கேள்வியில் சொன்ன ரேஷன் கார்டுக்கும் முகவரிச் சான்றாக இந்த அக்ரிமெண்ட் உதவும்.