வான்கோழி வேட்டைக்கு 12 கேஜ்தான் வேண்டுமா?

அமெரிக்காவில் முதல்முறை வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போகிறவர் 12 கேஜ் ஷாட்கன்தான் வாங்க வேண்டுமா என்பது கேள்வி. கட்டாயமில்லை.

கேஜ் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்ட அளவு. எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும்: 12 கேஜ் சுமார் 18.5 மி.மீ., 20 கேஜ் சுமார் 15.6 மி.மீ. பெரிய குழலில் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன உலோகக் குண்டுகள்) அதிகம் போகும், தோளில் உதையும் அதிகம். மூன்றரை அங்குலத் தோட்டாவை ஒருமுறை சுட்டவர் மறுமுறை கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுவார்!

இங்கே குறி உடம்பு அல்ல, தலையும் கழுத்தும். இறகும் மார்புச்சதையும் ரவையைத் தடுத்துவிடும். பறவை காயத்தோடு ஓடிப்போகும். அதனால் ரவைகள் நெருக்கமாக விழ, குழல் நுனியைக் குறுக்கும் சோக் ஒன்றை, ஃபுல் சோக் அல்லது அதைவிட இறுக்கமான டர்க்கி சோக்கை, மாட்டுவார்கள். ஈயம் என்றால் 4, 5, 6 எண் ரவை. டி.எஸ்.எஸ். எனப்படும் டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி. பொடிசான 9 எண் ரவையே ஆழமாக இறங்கும். அது இருந்தால் 20 கேஜே தாராளம். விலைதான் கையைக் கடிக்கும்.

எதை வாங்கினாலும் முதலில் 40 கஜத்தில் காகிதம் கட்டிச் சுட்டுப் பாருங்கள். 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவையாவது விழ வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் பழைய கணக்கு. விழவில்லையா? தோட்டாவை மாற்றுங்கள், அல்லது பறவை 30 கஜத்துக்குள் வரும்வரை காத்திருங்கள். அப்புறம், ரவை அளவுக்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. அதைப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.