முதலில் தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடி

கொருக்குப்பேட்டையிலிருந்து வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து சில மாதங்களே ஆன ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். அவள் தாத்தாவின் அண்ணன் முனுசாமி 1937 வாக்கில் ரப்பர்த் தோட்ட வேலைக்கு மலாயா போனவர். ஜப்பான் சண்டைக்கு முன் கடிதம் வந்துகொண்டிருந்தது, சண்டை முடிந்ததும் ஒன்று வந்தது, அதோடு சரி. டிசம்பரில் அப்பா, அம்மா, அத்தை மூவரும் ஊர் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அவருடைய பிள்ளைகளையோ பேரன்களையோ கண்டுபிடிக்க முடியுமா, பதிவு இலாகாவில் பெயரைக் கொடுத்தால் சொல்வார்களா, என்பது கேள்வி.

சொல்ல மாட்டார்கள்மா. அங்கே போய் அரை நாள் லீவை வீணாக்காதே. அடுத்தவர் விவரத்தை உனக்கு எடுத்துத் தருவது அவர்கள் வேலை இல்லை. அதோடு இந்த நாட்டில் எத்தனை முனுசாமி இருந்திருப்பார் என்று நினைக்கிறாய்? நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி, கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்து பிள்ளைகள் வளர்ந்து நிற்கும் அளவுக்குக் காலம் ஆகிவிட்டது. ஊரிலிருந்து இப்படித் தேடிக்கொண்டு வருபவர்கள் எல்லாரும் பெயரைத்தான் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நீ தேட வேண்டியது அவர் இருந்த தோட்டம். தோட்டம் தெரிந்தால் ஆளைத் தெரிந்தவர்கள் தானாக வருவார்கள்.

அதற்கான வேலை முதலில் கொருக்குப்பேட்டையில்தான். அத்தையைப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல். கடிதம் இல்லாவிட்டாலும் உறை இருக்கலாம், உறை போயிருந்தாலும் போட்டோ இருக்கலாம். போட்டோவின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் கிடைத்துவிட்டது, ஏனென்றால் தோட்டத்து ஆள் படம் எடுக்கப் பக்கத்து டவுனுக்குத்தான் போவார். உறையில் அஞ்சல் தலையைப் பார். அந்தக் கால மலாயாத் தலைகள் பலவற்றில் சிலாங்கூர், பேராக், ஜொகூர், கெடா என்று மாநிலப் பெயரே இருக்கும். ஆனால் சண்டை முடிந்த கையோடு வந்த கடிதம் என்கிறாயே, அந்தச் சமயத்துத் தலையில் 'பி.எம்.ஏ. மலாயா' (பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம்) என்று மேலே அச்சடித்திருப்பார்கள், அதில் மாநிலம் தெரியாது. அப்போது தலையை விட்டுவிட்டு அதன்மேல் குத்திய வட்ட முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டும், தபாலாபீஸ் ஊர் அதில் இருக்கும். ஊர்ப் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லை என்று பயப்படாதே. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது, தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது.

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள் இருந்தாலும் எடுத்து வைக்கச் சொல். நம் பக்கம் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயரெல்லாம் ஊரோடு போடுவார்கள் அல்லவா, ஏதாவது ஒன்றில் 'மலேயா' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தை "ரஜுலா கப்பலில் போனார்" என்று சொன்னால் கேட்டுக்கொள், அவ்வளவுதான். ரஜுலா 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். நம் பெரியவர்கள் வாயில் மலாயா போன எல்லாருமே ரஜுலாவில் போனவர்கள்தான்.

இன்னொன்றும் அத்தையிடம் கேள். கொருக்குப்பேட்டைக்கு வருவதற்கு முன் உங்கள் குடும்பம் எங்கே இருந்தது? வடசென்னையில் பாதிப் பேர் மில்லுக்கும் ரயில்வேக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்கு வந்து குடியேறியவர்கள். பொன்னேரி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் ஏதாவது ஒரு கிராமம் இருக்கும். தோட்டத்தில் "எந்த ஊர்?" என்று கேட்டால் பெரிய தாத்தா அந்தக் கிராமத்தைத்தான் சொல்லியிருப்பார். அவர் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் அதுவாகத்தான் இருக்கும், கொருக்குப்பேட்டை என்றால் முழிப்பார்கள்.

கடிதம் ஏன் நின்றது என்று உங்கள் வீட்டில் ஒரு கதை இருக்குமே. அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நம்மை மறந்துவிட்டார் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் காலத்தையும் கொஞ்சம் பார். அரசு உதவியோடு தோட்டத்துக்குக் கூலியாட்கள் போவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது, அவர் கிட்டத்தட்டக் கடைசிக் கூட்டத்தில் போனவர். ஆவடியில் கப்பலேறும் ஆட்களைத் தங்கவைத்த டிப்போ வழியாகப் போயிருக்கலாம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, தபால் நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று சென்னையே காலியானது. துறைமுகத்தை ஒட்டியிருந்த நம் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள், எல்லாரும் பழைய வீட்டுக்கே திரும்பவில்லை. இந்தப் பக்கம் தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேரை சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது, நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. சண்டைக்குப் பிறகு உங்களுக்கு ஒரு கடிதம் வந்ததே பெரிய விஷயம், அவர் தப்பியிருக்கிறார். அடுத்து 1948 முதல் 1960 வரை இங்கே அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து காட்டோரம் இருந்த தொழிலாளர் குடியிருப்புகளைப் பெயர்த்து வேறிடத்தில் கம்பிவேலிக்குள் வைத்தார்கள். இரண்டு பக்கமும் முகவரி மாறினால் கடிதம் எங்கே போய்ச் சேரும்?

சரி, தோட்டத்தின் பெயரோ பக்கத்து டவுனின் பெயரோ கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள். வரைபடத்தில் தேடினால் அந்தத் தோட்டம் அனேகமாக இருக்காது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை (பாமாயில் மரம்) வைத்தார்கள், கம்பெனி கைமாறியது, அப்புறம் வீடும் மாலும் வந்தன. நீ ரயிலில் கடந்து போகும் புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கம், 1998இல் காமன்வெல்த் போட்டி நடந்த இடம், அதுவே ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம்தான். ஆனால் அங்கே உள்ள தமிழ்ப்பள்ளிக்கு இன்றும் லாடாங் புக்கிட் ஜாலில் என்றுதான் பெயர். ஷா ஆலம் நகரத்துக்கு நடுவே லாடாங் மிட்லண்ட்ஸ் என்று ஒரு பள்ளி நிற்கிறது. லாடாங் என்றால் தோட்டம். இந்த நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டம் மூடி, பள்ளி வேறு இடத்துக்கு மாறினாலும் பல பள்ளிகள் பெயரை விடவில்லை. அதனால் பள்ளிகளின் பட்டியலில் உன் தோட்டத்தின் பெயரைத் தேடு. கிடைத்தால் பள்ளிக்குப் போன் செய்து தலைமையாசிரியரிடம் பேசு. முன்னாள் மாணவர்கள் யார், பெற்றோர் சங்கத்தில் பழைய தோட்டத்துக் குடும்பம் யார் இருக்கிறார்கள் என்று கேள். அடுத்து கோவில். லயத்து வீடுகளை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடித்த இடங்களில்கூடத் தோட்டத்து மாரியம்மனை விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இடம் வாங்கிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்குச் சிதறிப்போன குடும்பங்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். கோவில் தலைவரிடம் கேட்டால், "தண்டல் முனுசாமியா, பால் வெட்டின முனுசாமியா?" என்று திருப்பிக் கேட்பார். தண்டல் என்றால் வேலையாட்களை மேய்ப்பவர். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெயரை வைத்துத் தேடவே கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் இங்கே பெயர் எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொண்டு தேடு. நம் ஊர் மாதிரி இனிஷியல் கிடையாது. ஆண் என்றால் ஏ/எல், பெண் என்றால் ஏ/பி என்று போட்டு அப்பா பெயரை முழுசாக எழுதுவார்கள். ஆகவே முனுசாமி என்ற பெயர் அவருடைய பிள்ளைகளின் பெயரில் இருக்கும், பேரப்பிள்ளைகளின் பெயரில் இருக்காது. அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருந்தால் எழுபது எண்பது வயதாகியிருக்கும், ஃபேஸ்புக்கில் கிடைக்க மாட்டார்கள். எழுத்தும் தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, காதில் விழுந்தபடிதான், லட்சுமி இங்கே லெட்சுமி ஆவாள், முனுசாமி முனிசாமி ஆகியிருக்கலாம். அதைவிட மரண அறிவிப்புகள் பயன்படும். தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் அறிவிப்பில் மகன், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பமே வரிசையாக இருக்கும். தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுவிட்டது. சிங்கப்பூர்த் தமிழ் முரசின் பழைய இதழ்களை அங்கத்திய தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது, ஜொகூர் பக்கம் என்றால் அதையும் ஒரு பார்வை பார். டிஎன்ஏ சோதனைக்குப் பணம் கட்டுவதைப் பற்றி யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். நம்மவர்கள் அதில் அதிகம் சேரவில்லை, அந்தப் பணத்துக்கு அத்தையை ஈப்போவுக்குக் கூட்டிப் போகலாம்.

பழைய தோட்டத்து ஆட்களின் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் கேட்பதாக இருந்தால் போட்டோவையும் ஊரையும் போடு, எல்லாவற்றையும் போடாதே. பெரிய தாத்தாவின் அம்மா பெயர், தங்கை பெயர் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் கையில் வைத்துக்கொள். "நான்தான் உன் மாமா" என்று வருபவரிடம் அதைக் கேள். நிஜமான சொந்தம் தெரியாவிட்டாலும் வீட்டுப் பெரியவரிடம் விசாரித்துச் சொல்வார். பொய்யான சொந்தம் பணப் பேச்சுக்குத் தாவும்.

ஆள் கிடைத்துவிட்டால் நேரே கதவைத் தட்டிவிடாதே. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் பேச்சில்லாத குடும்பம் திடீரென்று வந்து நின்றால் எதற்கு வருகிறார்கள் என்று யோசிப்பார்கள். நம் பக்கத்திலும் சித்தப்பா யாராவது, "கொருக்குப்பேட்டை வீட்டில் பங்கு கேட்டால்?" என்று ஆரம்பிப்பார், பார். அதனால் முதல் பேச்சை அத்தை பேசட்டும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போதும். எந்த ஊர், யாருக்கு யார், பெரியவர் எங்கே எப்போது போய்ச் சேர்ந்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் வருகிறோம், வேறு ஒன்றும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல். மெதுவாகப் பேசச் சொல், நம் மெட்ராஸ் தமிழின் வேகம் இங்கே உள்ள இளையவர்களுக்குப் பிடிபடாது. மலாயா போவதற்கு முன்பே அவருக்கு நம் ஊரில் ஒரு மனைவி இருந்தாரா என்பது அத்தைக்குத் தெரிந்திருந்தால், அதை உன்னிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடட்டும். இப்படி இரண்டு கரையிலும் குடும்பம் வைத்தவர்கள் உண்டு, சாப்பாட்டு மேசையில் அது வெளிவந்தால் எல்லாருக்கும் சங்கடம்.

டிசம்பர் பயணம் என்றால் அதற்கு முன் வரும் தீபாவளியை விட்டுவிடாதே. தீபாவளிக்கு இங்கே வீடுகளில் ஓப்பன் ஹவுஸ் என்று தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள், கூட வேலை செய்யும் தமிழர்கள் கூப்பிட்டால் போ. கூப்பிட்டவரின் அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எந்தத் தோட்டம் என்று கேள், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். ஹோட்டலைக் கோலாலம்பூரில் முதல் இரண்டு இரவுக்கு மட்டும் போடு, மீதியை ஊர் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நாலைந்து புடவை கூடவே எடுத்து வரச் சொல், எந்த வீட்டில் எத்தனை அத்தைகள் இருப்பார்கள் என்று இப்போதே தெரியாது.