அந்தப் படத்தில் எது ஆபாசம்?

கேள்வி: 2017-ல் நம் நெல்லைக் கலெக்டர், போலீஸ் கமிஷனர், முதலமைச்சர் மூவரையும் அம்மணமாக வரைந்து ஒரு கேலிச்சித்திரம் வந்தது. அதைச் சமூக விமர்சனம் என்று இப்போதும் சிலர் பாராட்டுகிறார்கள். நையாண்டிக்கு ஒரு எல்லை வேண்டாமா? உங்களிடம் வந்திருந்தால் போட்டிருப்பீர்களா?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, அந்தப் படத்தில் நான்காவதாக ஒரு உடம்பும் இருந்தது. தரையில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு குழந்தை. உங்கள் கேள்வியில் அதைக் காணோம்.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். காசிதர்மத்திலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் அந்த வளாகத்திலேயே தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நாலு பேருமே பிழைக்கவில்லை. காரணம் கந்துவட்டி. அதற்கு முன்பே பலமுறை மனுக் கொடுத்திருந்தார்கள். கந்துவட்டிக்கு எதிரான சட்டமோ 2003-லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தது, மனு இருந்தது, மனுவைக் கையில் வாங்குவதற்கு ஆளும் இருந்தார்கள்.

எந்த அரசு அறிக்கையும் இவற்றையும் அந்தக் குழந்தையையும் ஒரே வரியில் எழுதாது. "விசாரணை நடைபெற்று வருகிறது" என்று முடித்துக்கொள்ளும். கார்ட்டூனிஸ்ட் பாலா எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் கொண்டுவந்தார். குழந்தை எரிகிறது, மூவரும் ரூபாய் நோட்டால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மிகைதான். நிஜத்தில் யாரும் அப்படி நிற்கவில்லை என்று படம் பார்த்த எல்லாருக்கும் தெரியும். உடுப்பையும் பதவியையும் கழற்றிவிட்டால் இவர்களிடம் மிச்சம் என்ன என்று கேட்கிற படம் அது. மூன்று பேருக்கும் சட்டை மாட்டி வரைந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. நவம்பர் 5-ம் தேதி சென்னையில் அவரைக் கைது செய்து இங்கே கொண்டுவந்தார்கள். அவதூறு, ஆபாசம் என்று வழக்கு. மறுநாள் ஜாமீன். இந்த வேகத்தில் பாதியை அந்த மனுக்களுக்குக் காட்டியிருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம்.

சரி, எல்லைக்கு வருவோம். எல்லை கட்டாயம் உண்டு. அடி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள், அது தெரிந்துவிடும். "வாங்கும்போது இனிச்சுதாக்கும்?" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வட்டி கட்ட முடியாமல் செத்தவனைக் கேலி பேசுகிறவர்கள் நம்மூரில் உண்டு. அதுவும் நையாண்டிதான். செத்தவனை இன்னொரு தடவை சாகடிக்கிற நையாண்டி. அதற்கு எல்லை வேண்டாமா என்று இதுவரை ஒரு வாசகரும் எங்களுக்கு எழுதியதில்லை.

நெல்லை இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தன் 1934-ல் மணிக்கொடி இதழில் 'பொன்னகரம்' என்ற சிறுகதையை எழுதினார். மில் கூலி அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்க வழியில்லாமல், இருட்டுச் சந்தில் ஒருவனோடு ஒதுங்கி முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். அவளைப் பற்றி ஒரு இளக்காரச் சொல் கிடையாது. கடைசி வரியில் சாட்டை திரும்பி, கற்பு கற்பு என்று பேசுகிற நம் முதுகில் விழுகிறது. அந்தக் கதையையும் ஆபாசம் என்றுதான் சொன்னார்கள். அம்மாளு செய்த காரியம் அவர்களை முகம் சுளிக்க வைத்தது. அந்த வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாமல் போனது அவர்களை ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் இந்தப் படத்தைப் பார்த்த பார்வையும் அப்படித்தான் இருக்கிறது, அண்ணாச்சி. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

இப்போதும் திங்கட்கிழமை கொக்கிரகுளத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் போலீஸ்காரர்கள் மனுக் கொடுக்க வருகிறவர்களின் பையைத் திறந்து, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். பையைச் சோதிக்கிற அக்கறை மனுவைப் படிப்பதிலும் வர வேண்டும் என்றுதான் அந்தப் படம் சத்தம் போட்டது.

போட்டிருப்பீர்களா என்று கேட்டீர்கள். போட்டிருப்போம். அந்தக் குடும்பம் எந்தெந்தத் தேதியில் மனுக் கொடுத்தது என்று விசாரித்து, அந்தத் தேதிகளையும் படத்துக்குக் கீழே சேர்த்துப் போட்டிருப்போம்.