மூலப்பத்திரமும் வில்லங்கமும்: சர்வதேச சட்டம் தேடுவோருக்கு

அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கச்சத்தீவு பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை நம்புவது? (சட்ட மாணவி, காசிமேடு)

வீடு வாங்கும்போது தரகர் பேச்சை நம்பி முன்பணம் கொடுக்க மாட்டோம், மூலப்பத்திரத்தைக் கேட்போம். இங்கும் அதேதான். 1974, 1976ஆம் ஆண்டுகளின் இந்திய–இலங்கை ஒப்பந்தங்களை நீங்களே படியுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தத் தரவுத்தளத்திலும், ஐ.நா.வின் உடன்படிக்கைத் தொகுப்பிலும் தேடலாம்.

1974 ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. மீன்பிடிப்பு என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. 6ஆவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் அடுத்தவர் கடலில் வழக்கமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. சரி, அடுத்தவர் கடலில் மீன்பிடிக்கத் தடை எங்கே வந்தது? 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதத்தில். ஒப்பந்தத்தோடு நிறுத்தினால் அந்தக் கடிதம் கண்ணில் படாது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

இன்னொன்று. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆவது பிரிவைக் காட்டி, 'மீனவரைச் சிறையில் போடக் கூடாது' என்று எழுதுகிறார்கள். சொல்வது நல்ல காரணத்துக்காகத்தான். ஆனால் அந்தப் பிரிவு பிரத்யேகப் பொருளாதார மண்டலம் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, ஒரு நாட்டுக்கு மீன்வள உரிமை உள்ள கடல்) பற்றிய பகுதியில் இருக்கிறது. குறுகலான பாக் நீரிணைக்கு அது பொருந்துமா என்பதே விவாதம். எந்தப் பிரிவை எடுத்தாலும், அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் அப்பா போன்றவர்களுக்காக வாதாடும்போது, எதிர்த்தரப்பு முதலில் தட்டுவது அந்த இடத்தைத்தான்.

கணவர் வெளிநாட்டுக் கப்பலில் இருக்கிறார். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. எந்தச் சட்டத்தைப் பார்ப்பது? (திருவொற்றியூர்)

அம்மா, கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது என்று உடனே கேளுங்கள். முதலாளி எந்த ஊர் என்பது அடுத்த விஷயம். அந்த நாடு 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறதா என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் நார்ம்லெக்ஸ் தளத்தில் தெரியும். இந்தியா 2015இல் சேர்ந்தது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே கப்பல் முதலாளி மாலுமியைக் கைவிட்டதாகக் கருதலாம். நான்கு மாதம் வரையிலான பாக்கிக்குக் காப்பீடு இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டியிருப்பார்கள். அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தில் புகார் கொடுங்கள்.

இந்தியா கையெழுத்துப் போட்டுவிட்டால் நம் கோர்ட்டில் செல்லுமா? (வியாசர்பாடி)

கையெழுத்து மட்டும் போதாது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் ஒப்புதல் (அதற்குக் கட்டுப்படுகிறோம் என்ற உறுதி) தரவில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்தே இல்லை. இதைச் சொல்வது, ஒவ்வொரு உடன்படிக்கையிலும் எந்தெந்த நாடு சேர்ந்தது என்று காட்டும் ஐ.நா. தளத்தின் அட்டவணை. அதுதான் வில்லங்கச் சான்று. கையெழுத்துத் தேதி ஒரு பத்தியில், ஒப்புதல் தேதி அடுத்ததில். தேதிக்குப் பக்கத்தில் சின்ன ஆங்கில 'a' இருந்தால், கையெழுத்துக் கட்டம் இல்லாமல் பின்னால் வந்து சேர்ந்த நாடு. கீழே, எந்தெந்தப் பிரிவுக்கு யார் விலக்குக் கேட்டார்கள் என்ற குறிப்புகள். அதுவரை இறங்கிப் படியுங்கள்.

ஒப்புதல் தந்தாலும், பொதுவாக நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். அதற்கான அதிகாரம் அரசியல் சாசனத்தின் 253ஆவது பிரிவில். ஆனால் உள்நாட்டுச் சட்டம் இல்லாத இடத்தை நிரப்ப, உச்ச நீதிமன்றம், பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய 1997 விசாகா வழக்கில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையைத் துணைக்கு எடுத்தது.

எல்லாம் ஆன்லைனில் இருக்கும்போது புத்தகம் எதற்கு? (தண்டையார்பேட்டை)

தம்பி, எதைத் தேட வேண்டும் என்பதைப் புத்தகம்தான் சொல்லும். முதலில் ஒரு பாடநூலில் அந்த அத்தியாயத்தைப் படித்து, அடிக்குறிப்பில் உள்ள வழக்குகளைக் குறித்துக்கொண்டு, சர்வதேச நீதிமன்றத் தளத்தில் தீர்ப்பைத் திறந்து பாருங்கள். பாரிமுனையில் பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் எத்தனை நாடுகள் சேர்ந்தன என்பதை அதிலிருந்து எடுக்காதீர்கள். நான் அப்படி எடுத்து எழுதிக் கொடுத்த மனுவை, சீனியர் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு திருப்பித் தந்தார். அச்சில் ஐ.நா. ஆவணம் தேடினால் எழும்பூர் கன்னிமாராவுக்குப் போங்கள், அது ஐ.நா.வின் வைப்பு நூலகம்.

தமிழ் மொழிபெயர்ப்பை மேற்கோள் காட்டலாமா? (ராயபுரம்)

புரிந்துகொள்ள மட்டும். கடல் சட்ட உடன்படிக்கைக்கு ஆறு மொழிகளில்தான் அதிகாரபூர்வ வாசகம். ஆங்கில வாசகத்தை எழுதி, தமிழை அதன் கீழே கொடுங்கள்.