58 வயதில் முதல் 5 கி.மீ. ஓட்டம்: எப்படித் தயாராவது?

கேள்வி: எனக்கு 58 வயது. தினமும் அரை மணி நேரம் நடப்பேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஓடியதே இல்லை. இன்னும் மூன்றரை மாதத்தில் நடக்கும் 5 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். எப்படிப் பயிற்சி எடுப்பது? கடைசி ஆளாக வந்துவிடுவேனோ என்று கூச்சமாகவும் இருக்கிறது.

பதில்:

தாராளமாக ஓடலாம். மூன்றரை மாதம் போதும். தினமும் நடக்கிறீர்கள் என்பதால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. நானும் ஐம்பதுகளின் கடைசியில்தான் ஓட ஆரம்பித்தேன். அதன்பிறகு என் வயதை ஒட்டிய பலரோடு சேர்ந்து பயிற்சி செய்திருக்கிறேன். அவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதையொட்டித்தான் வரும்.

வயதான பிறகு ஓடத் தொடங்குபவர்கள் மூச்சு போதாமல் விடுவதில்லை. கால் வலித்துத்தான் விடுகிறார்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிக்கொள்ளும். தசையும் ஓரளவு சீக்கிரம் தேறிவிடும். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண்கள் அப்படியல்ல. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி விறைப்பாக இருக்கிறதே அது, முழங்கால் சில்லுக்குக் கீழே இருப்பது, இவற்றோடு உள்ளங்காலின் அடியில் ஓடும் பட்டை, இவற்றுக்கெல்லாம் ரத்த ஓட்டம் குறைவு. கெட்டிப்பட மாதக்கணக்காகும், வயது ஏறினால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். அதனால் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் மூச்சு சுகமாக இருக்கும், ‘இன்னும் ஒரு சுற்று ஓடலாமே’ என்று மனசு சொல்லும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் குதிகால் வலிக்க ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். உங்கள் பயிற்சி முழுவதும் கால் பழகும் வேகத்தில் போக வேண்டும், மூச்சு பழகும் வேகத்தில் அல்ல.

தொடங்குவதற்கு முன் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். மாடி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், காரணமில்லாத மயக்கம், படபடப்பு, குடும்பத்தில் இள வயதில் மாரடைப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பயிற்சியின் நடுவே நெஞ்சு இறுகினாலோ கண் இருட்டினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

இனி திட்டம். ஓடியே பழக்கமில்லாதவர்களுக்கென்று உலகம் முழுக்கப் பயன்படும் ஒன்பது வாரத் திட்டம் ஒன்று இருக்கிறது, ‘கவுச் டு ஃபைவ் கே’ என்று பெயர். ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல் உருவாக்கியது. ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை ஓடவைக்கத்தான் அவர் அதை யோசித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. முதல் நாள் ஐந்து நிமிடம் வேகநடை, அப்புறம் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை, இப்படியே மாறி மாறி 20 நிமிடம். அவ்வளவுதான். முடித்ததும் ‘இதுக்கா இவ்வளவு?’ என்று தோன்றும். தோன்றட்டும்.

நல்ல திட்டம்தான், ஆனால் நம் வயதுக்கு அதில் ஓர் இடம் இடிக்கும். ஐந்தாவது வாரத்தின் இரண்டாம் நாளில் எட்டு எட்டு நிமிடமாக இரண்டு தடவை ஓடச் சொல்வார்கள், நடுவில் ஐந்து நிமிடம் நடை. அதே வாரத்தின் மூன்றாம் நாளில் நிற்காமல் 20 நிமிடம். மூச்சு தாங்கிவிடும். கால் தாங்குமா என்பதுதான் கேள்வி, அதுவும் நான் மேலே சொன்ன அதே ஐந்தாவது வாரத்தில். அந்த நாளில் 10 நிமிடம் ஓடி, மூன்று நிமிடம் நடந்து, மறுபடி 10 நிமிடம் ஓடுங்கள். நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று வாரங்களையும் சுலபமாக இருந்தாலும் இரண்டிரண்டு முறை செய்யுங்கள். ஒன்பது வாரம் இப்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. தொடக்கத்தில் இரண்டு வாரம் வேகநடையும் கால் பயிற்சியும் மட்டும், கடைசியில் ஓட்டம் நடக்கும் வாரம். உங்கள் மூன்றரை மாதக் கணக்கு சரியாகப் பொருந்தும்.

வாரத்தை நீட்டிவிட்டால் மட்டும் காயம் வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2008இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. 4 மைல் ஓட்டத்துக்குத் தயாரான புதியவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 8 வாரத் திட்டமும் இன்னொரு பிரிவுக்கு மெதுவாக ஏறும் 13 வாரத் திட்டமும் கொடுத்தார்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். காகிதத்தில் இருக்கும் திட்டத்துக்கு உங்கள் கால் தெரியாது. அதைத் தினமும் நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

நான் விசாரிப்பது காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது. முதல் பத்து அடியைக் கவனித்து வையுங்கள். குதிகால் தரையில் பட்டதும் குத்துகிறதா, குதிகாலுக்கு மேலே உள்ள நாண் விறைத்துக்கொண்டு காலை இழுத்து நடக்கவைக்கிறதா என்று பாருங்கள். பிறகு உட்கார்ந்து அந்த நாணைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து, மேலிருந்து கீழாக மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், அல்லது மற்றக் காலைவிடத் தடிப்பாகத் தெரிந்தால், அன்று ஓட்டம் வேண்டாம், சமதரையில் நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி வலி இருந்தால் அது பழகாத உழைப்பின் அசதி, இரண்டு நாளில் போய்விடும். ஒரு பக்கத்தில் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலிப்பதைத்தான் மதிக்க வேண்டும். ஒரு வாரம் ஓய்வு கொடுத்தும் போகவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

பலரும் தட்டிக்கழிப்பது கால் பயிற்சியை. எனக்கோ அது ஓட்டத்துக்குச் சமமாகவே படுகிறது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பதிய நில்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு காலாலும் எம்பி மேலே போங்கள். எடையை ஒரு காலுக்கு மாற்றி, மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டே அந்தக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். இறங்கும்போது கெண்டைக்கால் நீண்டுகொண்டே பாரம் சுமக்கிறது, நாணைக் கெட்டிப்படுத்துவது அதுதான். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் ஹோகான் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இந்தப் பயிற்சி பரவலாயிற்று. குதிகால் நாண் நாட்பட வலித்தவர்களை அவர் காலையும் மாலையும் 15 தடவை வீதம் மூன்று சுற்று, 12 வாரம் செய்யவைத்தார். வலி இல்லாத நமக்கு அவ்வளவு தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள், காலுக்குப் பத்துப் பத்தாக இரண்டு சுற்றில் ஆரம்பித்து மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒற்றைக் காலில் இறக்குவது சிரமமாக இருந்தால் முதல் இரண்டு வாரம் இரண்டு காலாலும் இறக்குங்கள். கூடவே கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவது. தொடையில் பலம் இருந்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும்.

வேகம் பற்றிச் சொல்வதானால், நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக ஓட வேண்டும். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். சில நாள் உங்கள் ஓட்டமும் பக்கத்தில் போகிறவரின் வேகநடையும் ஒரே வேகத்தில் இருக்கும், அதனால் ஒன்றுமில்லை. காலை எட்டிப் போடாதீர்கள். அடி சின்னதாக இருக்கட்டும், பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். எட்டிப் போட்டால் குதிகால் முன்னால் போய் ஊன்றி ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடும், அந்த அதிர்ச்சி முழங்காலுக்குத்தான் போகும்.

கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை ரொம்பவும் நம்ப வேண்டாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பார்கள். உங்களுக்கு 162 வரும். பின்னால் வந்த இன்னொரு கணக்கு, 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொல்கிறது, அதில் 167. இரண்டுமே சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் மாறும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை (இதயத் துடிப்பைக் குறைக்கும்) மாத்திரை சாப்பிட்டால் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, அப்போது அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பேச முடிகிறதா என்று பார்ப்பதே போதும்.

மூட்டு விஷயம். வீட்டில் அக்கறையால் சொல்கிறார்கள், பதில் கையில் இருக்கட்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வந்த ஒரு மதிப்பீட்டில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்த வாழ்க்கை வாழ்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்கென்று கடுமையாக ஓடுபவர்களில் 13.3. மூட்டு கெட்டவர்கள் ஏற்கெனவே ஓட்டத்தை விட்டிருப்பார்கள் என்பதால் ஓட்டம்தான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வாரம் மூன்று நாள் மெதுவாக ஓடினால் நல்ல மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு அதில் இடமில்லை. ஏற்கெனவே தேய்மானம் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் கதை வேறு, அவரிடமே கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். போட்டதும் சுகமாக இருக்க வேண்டும், வேறு எதையும் பார்க்காதீர்கள்.

ஓட்டம் நடக்கும் வாரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். அந்த வாரம் ஓடி எதையும் கூட்டிவிட முடியாது, அசதிதான் சேரும். அன்று எல்லாமே பழகியதாக இருக்கட்டும், புது ஷூ, புது சாக்ஸ் எதுவும் வேண்டாம். எண் அட்டையை முந்தைய நாளே சட்டையின் முன்பக்கத்தில் ஊக்குப் போட்டுக் குத்திவிடுங்கள். சீக்கிரமே போய்ப் பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். தொடக்கக் கோட்டில் பின்வரிசைக்குப் போய்விடுங்கள். முன்னால் நின்றால் இளைஞர்களின் வேகம் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும், பேச்சு வருகிறதா என்று பார்க்கவே மறந்துபோகும். முதல் கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போகட்டும். அவர்களில் சிலரை நான்காவது கிலோமீட்டரில் நீங்கள் தாண்டுவீர்கள்.

நடுவில் நடப்பது தோல்வியில்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, ஓட்டத்தின் நடுவே திட்டமிட்டு நடப்பதையே ஒரு பயிற்சி முறையாக வளர்த்தெடுத்தவர். களைத்த பிறகு நடக்காமல் ஆரம்பத்திலிருந்தே நடக்க வேண்டும் என்பதுதான் அதில் சூட்சுமம். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் ஐந்து நிமிடத்திலிருந்தே வைத்துக்கொண்டால் கடைசியில் காலில் தெம்பு மிச்சமிருக்கும். இதைப் பயிற்சியிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

கடைசி ஆளாக வருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மணிக்கு 6 கி.மீ. வேகநடையிலேயே 5 கி.மீ.யை 50 நிமிடத்தில் முடிக்கலாம். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்று நிதானமாக ஓடினால் 40 நிமிடம். முழுக்க நடந்தே வருபவர்களும் இத்தகைய ஓட்டங்களில் இருப்பார்கள். 2004இல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் பார்க்ரன் ஓட்டங்களில், எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். பங்கேற்பவர் யாரும் அங்கே கடைசி ஆள் ஆக முடியாது. உங்கள் ஓட்டத்தில் நேர வரம்பு இருக்கிறதா என்பதை மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். அடுத்த இரண்டு நாள் நடை மட்டும், அந்த வாரம் மெல்லோட்டம் ஒரு நாள் போதும். அன்றிருக்கும் உற்சாகத்தில் அடுத்த மாதமே 10 கி.மீ.க்குப் பெயர் கொடுக்கத் தோன்றும், கொடுக்காதீர்கள். தசைநாண்கள் இன்னும் கெட்டிப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். இன்னும் மூன்று மாதம் இதே 5 கி.மீ.யை வாரம் மூன்று நாள் ஓடுங்கள், படிக்கட்டுப் பயிற்சியையும் விடாதீர்கள். 10 கி.மீ.யை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.