90ல நடுங்கிற புது டபுள் கெப்

கேள்வி: வணக்கம் அண்ணை, புதுசா எடுத்த டீசல் டபுள் கெப் (ரெண்டு வரிசை சீட் உள்ள பிக்கப்), டவுனுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்லை, தெற்கு அதிவேகப் பாதையில மணிக்கு 90 கிலோமீற்றர் தாண்டினா சீட்டுக்குக் கீழ நடுங்குது. ஏஜென்ட் சில்லு அலைன்மென்ட் (சில்லுகளை நேராக்கிறது) செய்தும் அப்பிடியேதான். டீசல் எண்டா இப்பிடித்தான் எண்டினம், உண்மையோ?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: இல்லை தம்பி, டீசல் சத்தம் வண்டி நிண்டபடி ஐடில்ல ஓடேக்கயே கேக்கும், 90க்குப் பிறகு மட்டும் வாறதுக்கு இஞ்சின்ல பழி போடேலாது. அலைன்மென்ட் பிழைச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் தேயும், நடுக்கம் அதால வாறது குறைவு.

முதல்ல டயர் காத்தைப் பாருங்கோ, கப்பல்ல வந்து யார்ட்ல கனநாள் நிண்ட வண்டியில டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், சிலவேளை காத்தையும் அளவுக்கு மேல அடிச்சபடியே விட்டிருப்பாங்கள். பிறகு அதே 90ல ஒரு கியர் குறைச்சு ஓடிப்பாருங்கோ. ஆர்பிஎம் (இஞ்சின் சுத்துற வேகம்) ஏறியும் நடுக்கம் மாறேல்லை எண்டா இஞ்சின் இல்லை, சில்லு இல்லாட்டி புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது கியர்பொக்ஸில இருந்து பின் சில்லுப் பக்கம் சுத்தைக் கொண்டுபோற தண்டு. 17 இஞ்சி ரிம் போட்ட கெப்ல அந்த வேகத்தில சில்லு செக்கனுக்கு 10 தரம் அளவில சுத்தும், ஷாஃப்ட் 40 தரம் கிட்ட, அதால சில்லெண்டா உலுக்கும், ஷாஃப்டெண்டா காலுக்குக் கீழ ரீங்காரம் மாதிரி அதிரும். ஸ்டியரிங் ஆடாம சீட் மட்டும் ஆடுறதெண்டா பின் சில்லு ரெண்டையும் பாலன்ஸ் பண்ணி, ஷாஃப்ட் நடு பெயரிங்கையும் பாக்கச் சொல்லுங்கோ.

மெக்கானிக்க அதே ரோட்டுக்கு ஏத்திக்கொண்டு போங்கோ, வாரண்டி இருக்கேக்கயே ஜொப் கார்ட்ல (ஏஜென்ட் வேலை பதியிற தாள்) எழுதுவியுங்கோ.