ஆடிக் காற்றில் விமானம் இறங்குமா?

ஆரல்வாய்மொழிப் பக்கம் பைக்கையே சாய்க்கிற காற்றில் திருவனந்தபுரத்தில் விமானம் எப்படி இறங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றின் மொத்த வேகத்தைவிட, ஓடுபாதைக்குக் குறுக்கே தள்ளும் பங்குதான் கணக்கு. அங்கே ஓடுபாதை வடமேற்கு, தென்கிழக்காகக் கிடக்கிறது. நேர் மேற்கிலிருந்து 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) அடித்தால் குறுக்கே சுமார் 23 நாட். அதே காற்று வடமேற்கிலிருந்து வந்தால் வெறும் எதிர்காற்று, விமானிக்கு அது வசதிதான்.

ஏர்பஸ் ஏ320 தரையிறங்கும்போது, திடீர் வீச்சையும் சேர்த்து 38 நாட் குறுக்குக்காற்று வரை சோதனையில் சமாளித்துக் காட்டியிருக்கிறது. பலரும் இதையே உச்ச வரம்பு என்று எழுதிவிடுகிறார்கள். சோதனையில் காட்டிய அளவு, அவ்வளவுதான். அன்றாட வரம்பை விமான நிறுவனம் வைக்கும். ஓடுபாதை மழையில் வழுக்கினால் அதுவும் குறையும். காற்று அந்த வரம்பைத் தாண்டினால் அப்புறம் என்ன, ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் கொச்சியில் போய் இறங்குவார்கள்.